சயான் சீரிஸ் 3ஏ-யில் இன்றைய பாட்டையும் குரலையும் ஒலிக்க வைப்பது எப்படி

1993-ல் வந்த சயான் சீரிஸ் 3ஏ என்ற கையடக்கக் கணினி கையில் இருக்கிறது, இரண்டு டபுள்-ஏ பேட்டரி போட்டால் இன்றைக்கும் உடனே வேலை செய்கிறது, ஆனால் அலாரம் மட்டும் கூடவே வந்த ரிங்ஸ், சைம்ஸ் சத்தத்திலேயே அடித்துக்கொண்டிருக்கிறது என்றால் இது உங்களுக்குத்தான். போனில் இருக்கும் எம்.பி.3 பாட்டோ, வாட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவோ, எதுவானாலும் அதை 3ஏ-க்குப் புரிகிற கோப்பாக மாற்றி, கேபிள் வழியாக ஏற்றி, அலாரமாக வைத்துவிடலாம். தேவைப்படும் மென்பொருள் எல்லாம் இலவசம். மாற்றும் வேலைக்கும் அதிக நேரம் ஆகாது. ஆனால் பாட்டை எடுத்து அப்படியே மாற்றினால் கிடைப்பது பெரும்பாலும் கரகரப்பான, எந்தப் பாட்டு என்றே பிடிபடாத ஒரு சத்தம்தான். அதைக் கேட்டுவிட்டு, பழைய மெஷினில் இவ்வளவுதான் வரும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது சரியில்லை. 3ஏ-யின் ஸ்பீக்கர் குரலையும் புல்லாங்குழலையும் தெளிவாகவே தரும்; மாற்றுவதற்கு முன்னால் ஒலியை அந்த ஸ்பீக்கருக்கு ஏற்றபடி தயார் செய்ய வேண்டும், அவ்வளவுதான். அதனால் கீழே பாதிக்கு மேல் அந்தத் தயாரிப்பைப் பற்றியே எழுதியிருக்கிறேன்.

முதலில் உங்களிடம் இருப்பது எந்த மாடல் என்று பாருங்கள். 1991-ல் வந்த முதல் சீரிஸ் 3-யில் இது நடக்காது, டிஜிட்டல் ஒலி 3ஏ-யில்தான் வந்தது. அதற்குப் பின் வந்த 3சி, 3எம்எக்ஸ் இரண்டுக்கும் இங்கே சொல்வது பொருந்தும், கேபிள் மட்டும் வேறு. 1997-ல் வந்த சீரிஸ் 5 வேறு கோப்பு கேட்கும், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

3ஏ வாசிக்கும் ஒலிக்கோப்பு டபிள்யூ.வி.இ என்ற ஒரே வகைதான். நொடிக்கு 8000 சாம்பிள் (அதாவது ஒலி அலையை அத்தனை தடவை அளந்து எழுதுவது), ஒரே சேனல், சாம்பிளுக்கு 8 பிட், அந்த 8 பிட்டும் ஏ-லா முறையில் எழுதப்பட்டிருக்கும். ஏ-லா என்பது டிஜிட்டல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்காக வந்த முறை. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் லேண்ட்லைன் குரல் இதில்தான் போனது, வட அமெரிக்காவும் ஜப்பானும் மியூ-லா என்ற அதன் பங்காளியை வைத்துக்கொண்டன. சாதாரண 8 பிட்டில் சின்னச் சத்தத்துக்கும் பெரிய சத்தத்துக்கும் ஒரே அளவு படிகள், அதனால் மெல்லிய பகுதிகள் இரைச்சலில் மூழ்கிவிடும். ஏ-லா சின்னச் சத்தங்களுக்கு நெருக்கமான படிகளையும் பெரிய சத்தங்களுக்கு அகலமான படிகளையும் வைக்கிறது. ஆகவே அதே 8 பிட்டுக்குள் கிட்டத்தட்ட 13 பிட்டுக்குரிய ஏற்ற இறக்கம் அடங்குகிறது. லண்டனில் இருந்த சயான்காரர்கள் இதைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். 7.68 மெகாஹெர்ட்ஸில் ஓடும் வி30எச் சிப்பால் எம்.பி.3-யைப் பிரித்து ஒலிக்க வைக்க முடியாது, ஏ-லாவுக்கோ கணக்கே போட வேண்டியதில்லை, வரிசையாக எடுத்து ஸ்பீக்கருக்கு அனுப்பினால் போதும்.

அளவுக் கணக்கு எளிது. ஒரு நொடிக்கு 8000 பைட், கோப்பின் முன்னால் 32 பைட் தலைப்பு. 10 நொடி ஒலி என்றால் 80,032 பைட். ஒரு நிமிடம் 480,032 பைட். 512 கேபி மாடலில் அந்த நினைவகத்தையே நிரல்களும் உங்கள் கோப்புகளும் பங்கு போட்டுக்கொள்கின்றன என்பதால் ஒரு நிமிடப் பாட்டு என்பதே அங்கே நடக்காத காரியம். 3ஏ-யில் செருகும் நினைவக அட்டையான எஸ்.எஸ்.டி-யில் 2 எம்பி ஃப்ளாஷ் வகை வைத்திருந்தால்கூட மொத்தமாக நாலே கால் நிமிடம்தான் கொள்ளும். முழுப் பாட்டு கேட்க வேறு ஆயிரம் வழி இருக்கிறது. 3ஏ-க்கு 5 முதல் 12 நொடி வரையிலான ஒரு துண்டுதான் சரி. அலாரத்துக்கு 5 நொடியே தாராளம்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? இதில்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நொடிக்கு 8000 சாம்பிள் என்றால் 4000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் பதிவாகாது, நடைமுறையில் 3500-க்கு மேலேயே மங்கிவிடும். கீழ்ப்பக்கமோ அந்தக் குட்டி ஸ்பீக்கரில் 300-க்குக் கீழே எதுவும் வராது. இந்த இடைவெளிக்குள் உயிர் இருக்கிற ஒலிதான் தேறும். புல்லாங்குழல் அருமையாக வரும், அதன் சுரங்கள் பெரும்பாலும் இந்த எல்லைக்குள்ளேயே இருக்கின்றன. வீணையில் மீட்டும் சத்தத்தின் கூர்மை கொஞ்சம் குறையும், ஆனால் கமகம் தெளிவாகக் கேட்கும். மிருதங்கத்தில் வலந்தலை நன்றாகவே விழும், தொப்பிப் பக்கம் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். பாஸ் கிட்டாரை மறந்துவிடுங்கள். ட்ரம்ஸில் சிம்பல் அடிக்கிற இடமெல்லாம் மணலைத் தகரத்தில் கொட்டுவது போல ஆகிவிடும். எனவே சினிமாப் பாட்டாக இருந்தால் முழு ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து முழங்கும் இடத்தை விட்டுவிட்டு, தனி வாத்தியம் வாசிக்கும் இடையிசையிலிருந்தோ, பாடகர் குரல் கிட்டத்தட்ட தனியாக வரும் பல்லவியின் தொடக்கத்திலிருந்தோ வெட்டி எடுங்கள். பேச்சுக் குரல் எல்லாவற்றையும்விட நன்றாக வரும், இந்த முறையே பேச்சுக்காக உண்டானதுதானே. ஸ, ஃப போன்ற உரசல் ஒலிகளின் பெரும்பகுதி 4000-க்கு மேலே இருப்பதால் அவை மட்டும் ஒன்றுபோல் கேட்கும். அதனால் பேசிப் பதிவு செய்கிறவர்கள் நிதானமாக, மைக்குக்கு அருகில் பேசட்டும். வீட்டில் பெரியவர்கள் குரலையோ குழந்தை பெயர் சொல்லிக் கூப்பிடுவதையோ பதிந்து அலாரமாக வைக்கலாம், அலாரத்துக்கு எனக்கு மிகவும் பிடித்த வகை அதுதான்.

இனி வேலை. ஒலியை வெட்டித் திருத்தும் இலவச மென்பொருளான ஆடாசிட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். எம்.பி.3, வேவ், ஃப்ளாக் எல்லாம் நேரடியாகத் திறக்கும். போனில் பதிந்த எம்4ஏ, வாட்ஸ்அப் குரல் பதிவு போன்றவை திறக்கவில்லை என்றால் எஃப்எஃப்எம்பெக் நூலகத்தை ஆடாசிட்டியுடன் இணைக்க வேண்டியிருக்கும். அதைச் செய்ய மனமில்லை என்றால் வி.எல்.சி-யில் வேவ் ஆக மாற்றிக்கொண்டு வாருங்கள்.

தேவையான துண்டைத் தேர்ந்தெடுத்து மற்றதை எல்லாம் அழித்துவிடுங்கள். வெட்டும் இடத்தில் அவசரம் வேண்டாம், சுரம் தொடங்குவதற்குச் சற்று முன்பாக, அலை பூச்சியக் கோட்டைத் தொடும் இடத்தில் வெட்டினால் டக் என்ற சத்தம் வராது. முன்னால் இருக்கும் மௌனத்தை ஒட்ட வெட்டுங்கள், அதுவும் நொடிக்கு 8000 பைட் தின்கிறது.

அடுத்தது, ஸ்டீரியோவை மோனோவாக்குவது. ட்ராக்ஸ் மெனுவில் மிக்ஸ் பகுதியில் இருக்கிறது. ஆக்கிய பிறகு ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். சில பதிவுகளில் இரண்டு பக்க அலைகளும் ஒன்றுக்கொன்று தலைகீழாக இருக்கும், சேர்த்தால் ஒன்றை ஒன்று அழித்துக் குரலோ வாத்தியமோ உள்வாங்கிப் போகும். அப்படி ஆனால் செய்ததைத் திரும்பப் பெற்று, ஸ்டீரியோவைப் பிரித்து, இரண்டில் நன்றாக இருக்கும் ஒரு சேனலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிடுங்கள்.

இப்போது கீழ்ச்சுருதி ஒலிகளை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டர். எஃபெக்ட் மெனுவில் எடுத்து 300 ஹெர்ட்ஸ், சரிவு 24 டெசிபெல் என்று வையுங்கள். இந்த ஒரு படியைத் தவிர்ப்பதால்தான் பெரும்பாலான கோப்புகள் கெட்டுப்போகின்றன. கீழ்ச்சுருதி ஒலிகள் ஸ்பீக்கரில் கேட்காவிட்டாலும் அலையின் உயரத்தை அவைதான் பிடித்து வைத்திருக்கும். அவை இருக்கும்வரை கேட்கக்கூடிய பகுதியின் சத்தத்தை உயர்த்த இடம் கிடைக்காது, கேட்காத அந்த ஒலி ஸ்பீக்கரையும் வீணாக ஆட்டி மற்றதையும் கலக்கிவிடும். கீழே வெட்டிவிட்டால் கணினியில் கேட்கும்போது ஒல்லியாக, தகரம் போலத் தோன்றும். பயப்பட வேண்டாம், கணினி ஸ்பீக்கரில் நன்றாகக் கேட்க வேண்டும் என்பது நம் நோக்கமே இல்லை. எப்படி வரும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டுமானால் அந்தத் துண்டைப் போனுக்கு அனுப்பிப் போனின் சொந்த ஸ்பீக்கரில் கேளுங்கள். 3ஏ அதைவிட மோசமாகத்தான் இருக்கும், ஆனால் திசை தெரியும். 3ஏ-யில் ஹெட்போன் துளை கிடையாது, கடைசியில் எல்லாம் அந்த ஒரே ஸ்பீக்கர் வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

அப்புறம், வேண்டுமானால் ஒவ்வொரு சுருதிப் பகுதியின் சத்தத்தையும் தனித்தனியே கூட்டக் குறைக்க உதவும் கிராஃபிக் ஈ.க்யூ-வில் 2000 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரை 3 டெசிபெல் ஏற்றுங்கள். பேச்சுக்கு இது தெளிவு கொடுக்கும். புல்லாங்குழலுக்குத் தேவையில்லை, ஏற்றினால் காதில் குத்தும்.

உரத்த இடத்துக்கும் மெல்லிய இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைக்கும் கம்ப்ரஸரைப் பெரும்பாலும் போடுங்கள் என்பேன். இன்றைய சினிமாப் பாட்டுகளில் ஏற்கெனவே நன்றாக அழுத்தித்தான் வைத்திருப்பார்கள், அங்கே தேவைப்படாது. ஆனால் கச்சேரிப் பதிவுகளிலும் வீட்டில் பதிந்த குரலிலும் மெல்லிய இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் வித்தியாசம் அதிகம், சின்ன ஸ்பீக்கரில் மெல்லிய இடம் காணாமலே போகும். 3-க்கு 1 விகிதத்தில் அழுத்தினால் போதும். அதற்கு மேல் போனால் பின்னணியில் இருக்கும் மின்விசிறிச் சத்தமும் கூடவே மேலே வந்துவிடும். பிறகு மொத்தச் சத்தத்தையும் ஒரே அளவில் உயர்த்தும் நார்மலைஸ், உச்சம் மைனஸ் 1 டெசிபெல். முழுப் பூச்சியத்துக்குக் கொண்டுபோகாதீர்கள், சாம்பிள் வீதத்தைக் குறைக்கும்போது உச்சங்கள் சிறிது நகரும், இடம் இல்லையென்றால் அங்கே உடையும். கடைசியாகத் தொடக்கத்தில் கண்ணிமைக்கும் நேரத்துக்கு ஒரு ஃபேட்-இன் (சத்தம் மெல்ல ஏறுவது), முடிவில் கால் நொடி ஃபேட்-அவுட் (மெல்ல இறங்குவது).

ஏற்றுமதி, அதாவது எக்ஸ்போர்ட் செய்யும் இடத்தில் கவனம். டபிள்யூ.வி.இ கோப்பின் தலைப்பில் சாம்பிள் வீதத்தை எழுத இடமே கிடையாது. மெஷின் எப்போதும் 8000 என்றே எடுத்துக்கொள்ளும். 44,100-ல் இருக்கும் ஒலியை அப்படியே டபிள்யூ.வி.இ ஆக எழுதினால் அது ஐந்தரை மடங்கு மெதுவாக, அடித்தொண்டையில் யாரோ முனகுவது போல ஒலிக்கும், கோப்பும் ஐந்தரை மடங்கு பெரிதாகிவிடும். எனவே பழைய ஆடாசிட்டி என்றால் கீழே இடது மூலையில் இருக்கும் ப்ராஜெக்ட் ரேட்டை 8000 ஆக்கிவிட்டு ஏற்றுமதிக்குப் போங்கள். புதியதில் ஏற்றுமதிப் பெட்டியிலேயே சேனல் மோனோ, வீதம் 8000 என்று கொடுக்கலாம். கோப்பு வகையில் அதர் அன்கம்ப்ரஸ்ட் ஃபைல்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஹெடர் என்று ஒரு பட்டியல் வரும். அதில் கீழே தேடினால் டபிள்யூ.வி.இ, அடைப்புக்குறிக்குள் சயான் சீரிஸ் 3 என்று பெயரோடு இருக்கும். இத்தனை வருடம் கழித்தும் ஒலிக் கோப்புகளைக் கையாளும் லிப்சவுண்ட்ஃபைல் நூலகத்தில் இதை நீக்காமல் வைத்திருக்கிறார்கள், அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். என்கோடிங்கில் ஏ-லா.

கோப்பின் பெயர் எட்டு எழுத்துக்கு மிகாமல், ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும், புள்ளிக்குப் பின் டபிள்யூ.வி.இ. 3ஏ-யின் கோப்பு முறை டாஸ் மாதிரிதான், இடைவெளி, தமிழ் எழுத்து எதுவும் ஆகாது. பெயரின் கடைசியில் விண்டோஸ் வேறு நீட்டிப்பு எதையும் ஒட்டவில்லை என்பதையும் பாருங்கள்.

ஏற்றுவதற்கு முன் சரிபார்க்க இரண்டு வழி. கோப்பின் அளவைப் பாருங்கள், நொடிகளை 8000-ஆல் பெருக்கி 32 கூட்டினால் வருவதும் அதுவும் ஒத்துப்போக வேண்டும். பெரிய வித்தியாசம் இருந்தால் வீதமோ சேனலோ தவறியிருக்கிறது. பிறகு அதே கோப்பை ஆடாசிட்டியில் திரும்பத் திறந்து கேளுங்கள், சரியான வேகத்தில் ஒலித்தால் மெஷினிலும் ஒலிக்கும்.

அடுத்து கேபிள், இதுதான் பலர் மாட்டிக்கொள்ளும் இடம். 3ஏ-யில் இருப்பது சயானுக்கே உரிய இணைப்பு, நடுவில் சோப்புக்கட்டி போல ஒரு பெட்டி வைத்த 3லிங்க் கேபிள்தான் அதற்குப் பொருந்தும், 3சி கேபிள் பொருந்தாது. 3லிங்க்கின் மறுமுனை பழைய சீரியல் போர்ட்டுக்குரியது. லேப்டாப்பில் அது இல்லாததால் யு.எஸ்.பி சீரியல் அடாப்டர் வேண்டும். அதில் எஃப்.டி.டி.ஐ சிப் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், மலிவான போலிச் சிப்புகள் நடுவழியில் இணைப்பை விட்டுவிடும். லினக்ஸ் என்றால் பி.எல்.பி.டூல்ஸ் போதும், அதில் என்.சி.பி.டி என்ற பின்னணி நிரலை அடாப்டரின் போர்ட்டும் வேகம் 19,200-உம் கொடுத்து ஓடவிட்டு, பி.எல்.பி.எஃப்.டி.பி மூலம் கோப்பை அனுப்பலாம். சயானின் சொந்த மென்பொருளான சைவின் பழைய விண்டோஸ் எக்ஸ்பி உள்ள கணினியில் ஒழுங்காக வேலை செய்யும், இன்றைய 64 பிட் விண்டோஸில் அதோடு மல்லுக்கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சைவின் வழியாக அனுப்பினால் கோப்பை எதுவாகவும் மாற்றாமல் அப்படியே நகலெடுக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

3ஏ பக்கத்தில் சிஸ்டம் திரைக்குப் போய் சயான் விசையும் எல் விசையும் சேர்த்து அழுத்தினால் ரிமோட் லிங்க் அமைப்பு வரும். ஆன் செய்து, வேகத்தை இரண்டு பக்கமும் 19,200 என்று ஒரே மாதிரி வையுங்கள். அந்த வேகத்தில் நொடிக்கு அதிகபட்சம் 1920 பைட் போகும். ஆகவே 10 நொடி ஒலி போய்ச் சேர முக்கால் நிமிடம், கொஞ்சம் கூடவும் ஆகலாம். நின்றுவிட்டது என்று நினைத்து இடையில் கேபிளைப் பிடுங்கிவிடாதீர்கள். வேலை முடிந்ததும் லிங்க்கை அணைத்துவிடுங்கள், ஆன் ஆகவே விட்டால் பேட்டரியைத் தின்னும்.

கோப்பு போய்ச் சேர வேண்டிய இடம், டிஸ்க்கின் முதல் மட்டத்தில் இருக்கும் டபிள்யூ.வி.இ என்ற ஃபோல்டர். இல்லையென்றால் அந்தப் பெயரிலேயே ஒன்று உருவாக்குங்கள். உள் நினைவகத்தில் இருந்தாலும் சரி, ஏ அல்லது பி துளையில் செருகிய எஸ்.எஸ்.டி-யில் இருந்தாலும் சரி, ஃபோல்டர் பெயர் சரியாக இருந்தால் டைம், அஜெண்டா என்ற 3ஏ நிரல்கள் இரண்டிலும் அலாரம் சத்தத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் உங்கள் கோப்பின் பெயர் ரிங்ஸ், சைம்ஸோடு சேர்ந்து வரும்.

ஃப்ளாஷ் எஸ்.எஸ்.டி-யில் வைக்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதில் ஒரு கோப்பை அழித்தால் பட்டியலிலிருந்துதான் போகும், இடம் திரும்பக் கிடைக்காது. முழு டிஸ்க்கையும் ஃபார்மேட் செய்தால்தான் அந்த இடம் மீளும். ஆகையால் சத்தம் சரியாக வந்ததா என்று பார்ப்பதை எல்லாம் உள் நினைவகத்தில் வைத்துச் செய்துவிட்டு, திருப்தியான பின் கடைசிக் கோப்பை மட்டும் ஃப்ளாஷுக்கு நகலெடுங்கள். ஃப்ளாஷில் எழுத மின்சாரம் அதிகம் தேவை என்பதால் அந்த நேரத்தில் புது ஆல்கலைன் பேட்டரி இருப்பது நல்லது, ரீசார்ஜ் பேட்டரியின் 1.2 வோல்ட்டில் மெஷின் தயங்கும்.

ஒரே துண்டு திரும்பத் திரும்ப ஒலிக்க வேண்டும் என்றால் ஆடாசிட்டியில் நாலு முறை ஒட்டிக் கோப்பைப் பெரிதாக்க வேண்டாம். அந்த 32 பைட் தலைப்பிலேயே எத்தனை தடவை ஒலிக்க வேண்டும், முடிவில் எவ்வளவு நேரம் மௌனம் என்று குறிக்க இடம் வைத்திருக்கிறார்கள். கோப்பின் பைட்களை நேரடியாகத் திருத்தும் ஹெக்ஸ் எடிட்டர் பழக்கமுள்ளவர்கள் அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம். இரண்டு நொடி மணியோசையை வைத்துக்கொண்டு நீண்ட அலாரம் செய்ய இதுதான் சிக்கனமான வழி.

சீரிஸ் 5, 5எம்எக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு. தயாரிப்பு எல்லாம் மேலே சொன்னதேதான், 8000 வீதம், மோனோ, ஏ-லா. கோப்பு மட்டும் மெஷினோடு வந்த ரெகார்ட் என்ற ஒலிப்பதிவு நிரலின் சொந்த வகை, அதை ஆடாசிட்டி எழுதாது. ஆடாசிட்டியிலிருந்து 8000 மோனோ வேவ் ஆக எடுத்து, சாக்ஸ் என்ற கட்டளை வரி மென்பொருளுக்குக் கொடுங்கள். கட்டளையில் சாக்ஸ், இடைவெளி விட்டு வேவ் கோப்பின் பெயர், மறுபடி இடைவெளி விட்டு வெளிவரும் கோப்பின் பெயர், அந்தப் பெயர் பி.ஆர்.சி என்ற நீட்டிப்பில் முடிய வேண்டும், அவ்வளவே. பாம் என்ற வேறு கையடக்கக் கணினிகளின் நிரல்களுக்கும் இதே நீட்டிப்புதான், இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சாக்ஸ் தானாகவே ஏ-லாவில் எழுதும், அதையே விட்டுவிடுங்கள். ஒலியை இன்னும் சுருக்கும் ஏ.டி.பி.சி.எம் முறையைத் தேர்ந்தெடுத்தால் கோப்பு சிறிதாகும்தான், ஆனால் ரெகார்ட் நிரல் 800 சாம்பிளுக்கு ஒரு தடவை புதிதாகத் தொடங்கச் சொல்வதால் நொடிக்குப் பத்து முறை ஒரு சின்ன வெட்டு விழும். பாட்டில் அது தாங்காது.

இங்கே கேபிள் தொல்லை குறைவு. காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டைக் கணினியில் செருகி நேரடியாக நகலெடுத்து, மெஷினில் போட்டு, சி டிரைவின் சிஸ்டம் ஃபோல்டருக்குள் இருக்கும் அலார்ம்ஸ் ஃபோல்டருக்கு மாற்றிவிடுங்கள். சிஸ்டம் ஃபோல்டர் கண்ணில் படவில்லை என்றால் அது மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது, டூல்ஸ் மெனுவில் ப்ரிஃபரன்சஸ் போய் அதைக் காட்டும்படி குறியிட்டால் தெரியும். கோப்பின் பெயரில் பி.ஆர்.சி நீட்டிப்பை நகலெடுத்த பின் நீக்கிவிடலாம், அலாரம் பட்டியலில் பெயர் சுத்தமாக வரும்.